இன்னும் அதே டிவிசனில்தான் இருக்கிறோம், அத்தான்

சனிக்கிழமை மத்தியானங்களில் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒருவரையும் வாய் திறக்க விடாத என் அன்பு அத்தானுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உதைபந்தாட்டக் கிளப் கீழ் லீக்குக்கு இறங்கவில்லை. இந்த முறையும் அதே டிவிசன்தான். அக்காவும் பிள்ளைகளும் சுகம். அக்கா திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டா.

இதைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு விளங்காது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீங்கள் கதை சொல்லும்போது நாங்கள் எவ்வளவு பொறுத்திருக்கிறோம், இந்த ஒருமுறை நீங்கள் பொறுங்கள்.

கனடாவுக்கு வர முன்னம் இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டினத்தில் நாலு வருடம் பெற்றோல் ஸ்ரேசனில் நின்றீர்கள். நம்மவர் ஒருவரும் இல்லாத இடம். ஒரு சனிக்கிழமை பக்கத்து உதைபந்தாட்ட மைதானத்தின் வாசலில் எட்டிப் பார்த்தபோது, ரிக்கற் கிழிக்கிற ரெஜ் என்ற கிழவர், பாதி ஆட்டம் முடிந்துவிட்டது, சும்மா போய்ப் பார் என்று உள்ளே விட்டாராம். வெளியே வரும்போது, அடுத்த சனியும் வருவாய்தானே என்று கேட்டாராம். அந்த நாட்டில் உங்களை எதிர்பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

அதற்குப் பிறகு கனடாவில் இந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டுக்கு வந்தும் அந்தக் கிளப் உங்களை விடவில்லை. அங்கே ஆட்டம் முடிய இங்கே மத்தியானம் பன்னிரண்டாகும். உடனே கிளப்புக்குப் போன் எடுப்பீர்கள். ரெஜ் ஸ்கோரைச் சொல்லுவார்.

“ஊர் உலகமெல்லாம் பெரிய கிளப்பைப் பாக்குது. இந்த மனுசன் மட்டும் ஆருக்கும் தெரியாத கிளப்புக்கு லோங் டிஸ்ரன்ஸ் எடுக்குது” என்று அக்கா புறுபுறுப்பா.

நீங்கள் அசைய மாட்டீர்கள். மேலே நாடு முழுவதற்கும் ஒரு லீக், கீழே போகப் போகப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்துவிடுவார்கள் என்று விளக்கம் தொடங்கும். ஆடுகிறவர்கள் எல்லாம் திங்கள் காலை வேலைக்குப் போகவேண்டிய பிளம்பர்மாரும் வாத்திமாரும், அவர்களுக்குத் தூரப் பயணம் சரிவராது என்பீர்கள். எங்கள் சொந்தக்காரரையும் அப்படியே பிரித்து வைத்திருந்தீர்கள். நகரத்துக்கு வெளியே பிறம்ரனில் வீடு வாங்கிய குமார் டிவிசன் மாறிவிட்டான். நகரத்தின் மற்றக் கரையில், ரெக்ஸ்டேலில் ஒரு பிறந்தநாளுக்குப் போவதென்றால் வெளியூர் மட்ச்.

நாலு நாள் பிந்தி வரும் இங்கிலாந்துப் பேப்பரில், பொடி எழுத்தில், உங்கள் டிவிசனின் அட்டவணை இருக்கும். அதற்குக் கீழே உள்ள லீக்குகளை அந்தப் பேப்பர் போடாது. “இறங்கினால் பேப்பரிலையும் பேர் இல்லையடா” என்பீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவீர்கள், ஆனால் அந்தப் பயம் உண்மையானது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மே மாதச் சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம். வென்றால் தப்பலாம். என்னைப் போன் எடுக்க அனுப்பினீர்கள். கீழே இருந்த காசு போடும் போனில் ரெஜ்ஜிடம் கேட்டேன். இரண்டுக்கு ஒன்று, தோல்வி. கடைசி மூன்றுக்குள் நிற்கிறோம், இறங்கத்தான் வேண்டும் என்றார்.

அக்கா உங்கள் அறை வாசலிலேயே என்னை மறித்தா. “தோத்ததெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. அந்தாள் தாங்காது.”

எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த வேலை. படுக்கையில் கிடக்கிறவருக்குக் கெட்ட செய்தி போகவே கூடாது. நானும் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தேன்.

“வெண்டிட்டுது அத்தான். ரெண்டுக்கு ஒண்டு.”

“ஆர் அடிச்சது?”

“அந்த நெட்டையன்தான். ரெண்டும்.” நீங்கள் எப்போதும் புகழுகிற அந்த உயரமான ஆட்டக்காரன்தான் என் வாயில் வந்தான்.

என் முகத்தையே பார்த்தீர்கள். “அம்மாளாணை?”

“அம்மாளாணை.”

சின்ன வயதில் மாங்காய் களவெடுத்துவிட்டுக்கூட அம்மன்மேல் பொய்ச்சத்தியம் செய்யாதவன் நான். சாகக் கிடந்த உங்களிடம் செய்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, “அப்ப சரி” என்றீர்கள். செவ்வாய்க்கிழமை போய்விட்டீர்கள்.

பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்காவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போவேன், உள்ளே போகமாட்டேன். பார்க்கிங் கிடைக்கவில்லை என்று காருக்குள்ளேயே இருப்பேன். அதுவும் பொய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் முடிவில் உங்கள் பெயருக்கு ரெஜ் எழுதிய கடிதம் வந்தது. நீங்கள் இல்லை என்று அவருக்குத் தெரியாது. கீழே இருந்து எங்கள் டிவிசனுக்கு ஏறவேண்டிய ஒரு கிளப்பின் மைதானத்தில் கூரை போட்ட இருக்கை போதாதாம். லீக்காரர் வந்து பார்த்து, ஏற்ற முடியாது என்றுவிட்டார்களாம். ஓரிடம் காலி. இறங்கவேண்டியவர்களில் மேலே நின்றது எங்கள் கிளப்தான், அதனால் எங்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

தபால் பெட்டிக்கு முன்னால் நின்றே மூன்று தரம் வாசித்தேன். மேலே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவ கத்தியை வைத்தா.

“அப்ப அவர் நிம்மதியாப் போனது வீணில்லை என்ன?”

“இல்லை அக்கா.”

அத்தான், நெஞ்சிலிருந்து ஒரு சாக்கு அரிசி இறங்கிய மாதிரி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உள்ளே போனேன்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் ரெஜ் ஒன்று எழுதியிருந்தார். அந்த நெட்டையன் மாசியில் கால் முறிந்தவன், இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான், நீ கேட்டுக்கொண்டேயிருந்தாயே என்று. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? அப்படியென்றால் அவன் ஆடியிருக்கவே முடியாது என்று தெரிந்துமா நான் சொன்னதை நம்பினீர்கள், இல்லை என்னைக் காப்பாற்றத்தான் கண்ணை மூடினீர்களா?

அதை யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். கிளப் தப்பியதால் என் சத்தியம் உண்மையாகிவிடாது, அதுவும் எனக்குத் தெரியும். சொன்ன நேரத்தில் அது பொய்தான். மன்னித்துவிடுங்கள்.

ரெஜ்ஜுக்குப் போன் எடுத்து நீங்கள் போன செய்தியைச் சொன்னேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. அப்படியென்றால் இனிச் சனிக்கிழமைகளில் நீ போன் எடு என்றார்.

எடுக்கிறேன் அத்தான். ஒவ்வொரு சனியும் எடுத்து, உங்கள் படத்துக்கு முன்னால் வந்து சொல்லுவேன். வென்றால் வென்றது, தோற்றால் தோற்றது. இனி ஒரு கோலைக்கூட என் பாட்டில் போடமாட்டேன்.

நேற்று இந்தப் புது சீசனின் முதலாவது ஆட்டம். மூன்றுக்குப் பூச்சியம். தோற்றுப்போனோம், அத்தான். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?

உங்கள் மனைவியின் தம்பி,
உங்களிடம் பொய் சொல்லத் தெரியாத மச்சான்