இரண்டு பக்கப் படிவம்

ஜனவரி 11

என் சிவப்பு மை அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் நீ அழுகிறாய், கடிதத்தில் திட்டுகிறாய். திட்டே தேவலை என்று எழுதுகிறேன்.

நல்ல செய்தி. எங்கள் மருத்துவமனையில் சிகிச்சைக்கு மாமாவின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அவர் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுப்போம். அதிலுள்ள ஸ்டெம் செல்களை என் ஆய்வகத்தில், என் கையாலேயே, மூன்று வாரம் வளர்ப்பேன். பிறகு முதுகுத்தண்டில் ஊசி. அடிபட்ட நரம்பை அந்தச் செல்கள் சரிசெய்யும். பணக்கார நாட்டுக்காரர்களுக்குத்தான் இதெல்லாம் என்றிருந்தோம். நம் ஆட்களுக்கு நாமே செய்யப்போகிறோம் என்று நினைத்தால் தரையில் கால் பாவவில்லை, அக்கா.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். உனக்காகத் தமிழில் இரண்டு பக்கமாக நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். மாமா கையெழுத்துப் போடட்டும், சாட்சிக்கு நீ போடு. புண்ணியமாகப் போகும், சிவப்புப் பேனாவை மட்டும் எடுக்காதே.

உன் செல்லத் தம்பி

ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்தான படிவம் உள்ளே இருக்கிறது. அச்சகத்தில் பிழை பார்த்துப் பார்த்து, இருமல் மருந்து லேபிளைக்கூடச் சும்மா விடாதவள் நான். உன் இரண்டு பக்கத்தைப் படிக்கவே இல்லை, தெரியுமா? நீ எழுதியதைச் சரிபார்ப்பது உன்னைச் சந்தேகப்படுவது மாதிரி இருந்தது. "படிச்சிட்டியா?" என்று உன் மாமா கேட்டார். "படிச்சாச்சு, போடுங்க" என்றேன். போட்டுவிட்டார்.

அவர் போன பஸ் கவிழ்ந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இடுப்புக்குக் கீழே அந்த இடது கால் கட்டைவிரல் ஒன்றுதான் இன்னும் அசைகிறது. காலையில் நான் டீ கொண்டுபோனால் அதை ஆட்டிக் காட்டி, "டிரைவர் ரெடி, ரைட் போலாம்" என்பார். வீட்டில் அன்றைய முதல் சிரிப்பு அதுதான். இப்போது, மீதி ஒன்பது விரலும் கிளம்பப்போகிறது என்று குழந்தை மாதிரி குதிக்கிறார்.

இந்தத் தடவையாவது நீயே வந்து கூட்டிப்போ. எத்தனை மாதமாயிற்று உன் மூஞ்சியைப் பார்த்து! வேளைக்குச் சாப்பிடு. இளைத்துப்போய் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆசையுடன்,
அக்கா

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. கல்நெஞ்சுக்காரா, எழுதக்கூடவா நேரமில்லை?

ஊசி போட்டு ஏழு வாரமாகிறது. இடுப்பில் நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல் எரிகிறது என்கிறார். உங்கள் பெரிய டாக்டரிடம் போனில் கேட்டேன். "செல் வேலை செய்யுதும்மா, அதான் எரியுது" என்றார். சரி, நல்லதுக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம்.

ஆனால் அந்தக் கட்டைவிரல், தம்பி. பத்து நாளாக அசையவில்லை. நான் டீயோடு போய் நின்றால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார். அவருக்கு நடிக்கவே வராது. நானும் நம்பியதுபோல் டீயை மூடி வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். விரல் திரும்ப அசையும் என்று ஒரு வரி எழுது, எனக்கு அது போதும்.

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

வேலை தலைக்கு மேல் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. சிலருக்குப் பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். வலி மாத்திரை அனுப்பியிருக்கிறேன். விரல் விஷயத்தை வெளியாட்களிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மாமாவின் மனம் விட்டுப்போகும்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

போன வாரம் உங்கள் மருத்துவமனையின் விளம்பரத் தாள் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. இங்கே முகாம் போடுகிறார்களாம். பிழை பார்க்க என் மேசைக்குத்தான் வந்தது. இரண்டாம் பக்கத்தில் உன் மாமா. கட்டிலில் சாய்ந்தபடி தன் காலைப் பார்த்துச் சிரிக்கிறார். கீழே, "ஒரே ஊசியில் அசைந்த விரல்!"

முகத்தில் தாடி இருக்கிறது, தம்பி. மஜ்ஜை எடுப்பதற்கு முந்தின நாள் நீதான் அவர் தாடியை மழித்துவிட்டாய். மச்சான் பண்ணிவிட்ட முகம் என்று சொல்லி, அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவர் மழிக்காமல் இருந்ததில்லை. அப்படியானால் இது ஊசிக்கு முன்னால் எடுத்த படம். எடுத்தது நீ. "மாமா, விரலை ஆட்டுங்க பார்ப்போம்" என்று நீ கேட்டபோது நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றே உங்கள் ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. பதிவு அறையில் சண்டை போட்டு அந்தப் பதினான்கு பக்கத்துக்கும் நகல் வாங்கினேன். அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். இது சிகிச்சை இல்லை, ஆராய்ச்சி என்று இருக்கிறது. பலன் உண்டா என்று யாருக்கும் தெரியாது என்று இருக்கிறது. இருக்கிற அசைவும் போகலாம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. உன் இரண்டு பக்கத்தையும் எடுத்துத் தேடினேன். இதில் ஒன்றுகூட இல்லை.

அடப்பாவி! பதினான்கு எப்படி இரண்டாயிற்று என்று கேட்கத் தோன்றாத நானெல்லாம் என்ன பிழை பார்க்கிறவள்? ஊரை ஏமாற்றியிருந்தாலும் என் தம்பி என்று மூடி மறைத்திருப்பேனோ என்னவோ. என்னையே ஏமாற்ற உனக்கு எப்படியடா மனம் வந்தது?

அக்கா

ஜூன் 25

அக்கா,

உன் காலில் விழுகிறேன். முழுப் படிவத்தையும் படித்துக் காட்டினால் ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை. "நாங்க என்ன சோதனை எலியா?" என்று எழுந்து போய்விடுகிறார்கள். ஆள் சேராவிட்டால் ஆராய்ச்சி ஏது? நம்மைப்போன்ற நாட்டுக்கு யார் வந்து மருந்து கண்டுபிடித்துக் கொடுக்கப்போகிறார்கள்? நான் இதை உயிராக நம்பினேன், அக்கா. நம்பியதால்தான் முதல் ஆளாக மாமாவையே சேர்த்தேன். படத்தைப் பெரிய டாக்டர் கேட்டார். எதற்கென்று தெரிந்தும் கொடுத்துவிட்டேன்.

ஆராய்ச்சி முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அடுத்த மாதம் விசாரிக்க வருகிறது. முழுப் படிவத்தையும் படித்துக் காட்டினார்கள், புரிந்துதான் கையெழுத்துப் போட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கொடு. இல்லையென்றால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். என் வாழ்க்கையும் அதோடு சரி. அம்மா போனபிறகு எனக்கு அம்மா நீதானே?

உன் தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

நீ கேட்ட வரியை எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு ஒரு பொய் பெரிதா என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவரிடம் சொல்லாமல் அனுப்ப முடியவில்லை. படிக்காமலே படிச்சாச்சு என்று ஒரு தடவை அவரிடம் சொன்னவள் நான். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் கேட்டார். விளம்பரப் படத்தையும் காட்டினேன். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அப்புறம் சொன்னார்: "இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு ஆகலைன்னாலும் வேற யாருக்காவது ஆகட்டும்னு போட்டிருப்பேன். விரல் போயிருந்தாலும், நானாக் குடுத்ததுன்னு இருந்திருக்கும். மச்சான் என்கிட்ட கேக்கவே இல்லையே."

சொல்லிவிட்டு அழுதார். பஸ் கவிழ்ந்த அன்றுகூட அழாத மனுஷன்.

உறையைக் கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். படிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டது என் குற்றம் என்பதையும் எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தை மூட வேண்டாம், இனி கேட்டுச் செய்யச் சொன்னால் போதும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அது அவர் சேர்க்கச் சொன்னது. முடியாது என்று மல்லுக்கு நின்றேன். அவர் கேட்கவில்லை, சேர்த்தேன்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. இந்த வீட்டுக்கு வராதே. கடிதமும் போடாதே, வந்தால் பிரிக்க மாட்டேன்.

அக்கா