கழுவிய சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முழுசாகப் படி, அப்புறம் கிழி.

தப்பு என்னுடையதுதான், சுற்றி வளைக்கவில்லை. பதினோரு வருஷமாக நீ ஸ்கேல் வைத்து அளந்துவந்த வட்டங்கள் இருந்த பின்பக்கச் சுவரை, நீ லீவுக்கு வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்று பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி, கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன். நீ லைக்கன் என்கிறாய். நாற்பது வருஷம் பெயின்ட் அடித்தவனுக்கு அது கறை. அளந்ததெல்லாம்தான் நோட்டில் ஏறிவிட்டதே, இனி சுவரில் எதற்கு என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி! அம்மா சொன்னதும் நீ வருவதையே நிறுத்திவிட்டாய். மூன்று வாரமாக அவளிடம் மட்டும் பேசிவிட்டு போனை வைத்துவிடுகிறாய். எனக்குத் தாங்கவில்லையம்மா.

உன் பழைய நோட்டை எடுத்துப் படித்தேன். பாசியும் காளானும் சேர்ந்து நடத்துகிற குடித்தனமாமே அது. பாசி சமைக்கிறது, காளான் வீடு கட்டித் தருகிறது. நம் வீட்டுக் கதைதான் என்றேன், அம்மா முறைத்தாள். வெறும் கல்லில் முதல் ஆளாகக் குடியேறி, கல்லைத் துளித்துளியாகப் பொடியாக்கி, பின்னால் வருகிற செடிகளுக்கு மண் சேர்த்துக் கொடுக்குமாம். புகை பட்டால் முதலில் சாவதும் அதுதானாம். இத்தனை வேலை பார்க்கிறதைத்தான் நான் சுரண்டி எறிந்திருக்கிறேன்.

இப்போது கேள். இந்த ஊரில் எந்தச் சுவரை எந்த வருஷம் கழுவினேன் என்று என்னைப்போல் தெரிந்த ஆள் வேறு யாரும் கிடையாது. கழுவிய வருஷம் தெரிந்தால், அதற்கப்புறம் வளர்ந்த வட்டத்தின் வயசும் தெரிந்துவிடுமே. நூலகத்துக் கல்சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ பிறந்த செய்தி வந்தது. பிளீச்சிங் வாடையோடு ஓடி வந்தேன். அதில் இப்போது டீ கிளாஸ் வாய் அகலத்துக்கு லைக்கன் வட்டம் நிற்கிறது. தபால் ஆபீஸ் சுவரைக் கழுவும்போது ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டு ஒன்பது வருஷம். அங்கே சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. இப்படி ஒன்பது சுவர். எண்ணெய்த் தாளில் அச்சு எடுத்து, வருஷமும் திசையும் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

பஸ் டிப்போ சுவரைக் கழுவிப் பதினைந்து வருஷம் ஆகிறது, ஒரு பொட்டுகூட இல்லை. என் கைவேலை அப்படி என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன். கைவேலையாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் டீசல் புகை. அந்தச் சுவருக்கும் ஒரு தாளை வெறுமையாகவே வைத்திருக்கிறேன், அதுவும் உனக்கு உதவும்.

பதினோரு வருஷத்துக்கு இது ஈடாகுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வேலை சுத்தமாகச் செய்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் சுவரில் மறுபடி ஒரு வட்டம் வளர எத்தனை வருஷம் பிடிக்கும் என்றும் உன் நோட்டிலேயே பார்த்தேன். எனக்கு அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. அதனால் என்னைத் திட்டுவதை மட்டும் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசி முடித்ததும், அப்பாவிடம் கொடு என்று ஒரு வார்த்தை சொல். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
அப்பா