உன் முழங்காலால் ஒரு நேர்ச்சை

குர்வேலு,
6 மார்ச் 1983

என் கிழவனுக்கு,

மாதாவின் தயவில் நானும் லெனீசியும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். நீ கடைசியாக அனுப்பிய இக்வசு அருவிப் பட அஞ்சலட்டையை உன் மகள் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டாள். இப்போது சுவரில் பதினேழு ஊர் இருக்கிறது. "எங்கப்பா டூரிஸ்ட் பஸ் ஓட்டுறாரு, பிரேசில் முழுக்கப் பாத்துட்டாரு" என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிகிறாள்.

பழைய விஷயத்துக்கு வருகிறேன். முகத்தைச் சுளிக்காதே. அவளுக்கு மூளைக்காய்ச்சல் இறங்கி நாளையோடு இரண்டு வருஷம். டாக்டர் கையை விரித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டேன்: பிள்ளை பிழைத்தால் அவள் அப்பா ரியோவில் பேஞ்ஞா மாதா கோயிலின் முந்நூற்று எண்பத்திரண்டு படியையும் முழங்காலால் ஏறுவார் என்று. பிள்ளை பிழைத்தாள். ஓடுகிறாள், அடுத்த வீட்டு மாமரத்தில் கல் எறிந்து திட்டு வாங்குகிறாள். மாதா தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டாள். என் நேர்ச்சை நோட்டில் மற்ற எல்லா வரிக்கும் எதிரே சிலுவை போட்டாயிற்று. இந்த ஒரு வரி மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த இரண்டு வருஷத்தில் நீ பதினான்கு தடவை ரியோ போயிருக்கிறாய். படங்களின் பின்னால் உள்ள தேதியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு தடவைகூடவா நேரம் கிடைக்கவில்லை?

உன்னோடு ஓட்டுகிற திபூர்சியு இந்தப் பக்கம் வந்தான். மரவள்ளி மாவு பிஸ்கட் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன்.

உன் கிழவி,
துர்வலீனா

*

சல்வதோர்,
20 மார்ச் 1983

கிழவிக்கு முத்தம்.

டப்பா வந்தது. பாதிதான் இருந்தது. கேட்டால், "ரோடு பூரா குழிப்பா, ஒடஞ்சதை மட்டுந்தான் தின்னேன்" என்கிறான் திபூர்சியு.

அடியே, முழங்கால் யாருடையது? அடுத்தவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் போடுவது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதைத்தான் நீ மாதாவிடம் செய்திருக்கிறாய். உன் அண்ணனுக்கும் இரண்டு முழங்கால் உண்டு. வேலைவெட்டி இல்லாமல் சும்மாதான் மடங்கிக் கிடக்கிறது. அதை நேர்ந்திருக்கலாம்.

லெனீசியிடம் சொல்லாதே, ஒரு ரகசியம். அவள் அப்பா பிரேசிலைப் பார்த்ததே இல்லை. பஸ் நிறுத்தும் இடங்களைத்தான் பார்த்திருக்கிறேன். டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது கம்பெனி சட்டம். இக்வசுவில் அருவியின் இரைச்சல் கேட்கும். தண்ணீரைக் கண்டதில்லை. சனங்கள் சொட்டச் சொட்ட நனைந்து வருவதைப் பார்த்து, அங்கே ஏதோ இருக்கிறது என்று நம்பிக்கொள்கிறேன். பிரசீலியாவில் தலைநகரம் முழுக்க எனக்கு ஒரே தார்ச்சாலை. ரியோவில் நம் ஷெட்டிலிருந்து பார்த்தால் மலைமேல் நிற்கிற ஏசுவின் முதுகுதான் தெரியும். இங்கே பொன்ஃபிம் கோயில் வேலிக் கம்பியில் ஆயிரம் வண்ண நாடா படபடக்கிறது. ஜன்னல் வழியாகவே ஒன்று வாங்கினேன். லெனீசி மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிடு, முடிச்சுக்கு ஒரு வேண்டுதலாம்.

ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு வராதே. பிள்ளை சாகக் கிடந்த அன்று நான் உன் பக்கத்தில் இல்லை. இக்வசுவில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். தந்தி இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதற்குத் தண்டனையாகத்தான் என் முழங்காலைக் கொடுத்தாயா?

ஒசோரியோ

*

குர்வேலு,
4 ஏப்ரல் 1983

கிழவனுக்கு,

உயிர்ப்புத் திருநாள் நல்லபடி முடிந்தது. உனக்கென்று கொய்யா அல்வா எடுத்து வைத்திருக்கிறேன்.

நாடாவைக் கட்டும்போது உன் மகள் கேட்டாள், "அம்மா, ஏசுவுக்கு முதுகு வலிக்காதா? எப்பப் பாத்தாலும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே நிக்கிறாரே."

"முதுகப் பத்தி ஒனக்கு யாரு சொன்னா?"

"கடுதாசிய நீ வாய்விட்டுத்தானம்மா படிக்கிற."

என்ன செய்வது, நானாகக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்ட எழுத்து. உதடு அசையாமல் எனக்குப் படிக்க வராது. உன் ரகசியம் அவள் காதில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் பெரியவளாயி அப்பாவக் கூட்டிட்டுப் போயிக் காட்றேன்" என்றாள். படங்களைக் கிழிக்கவில்லை.

தண்டனையா என்று கேட்டாய். இல்லை. அதற்குள் என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டிருந்தேன். தலைமுடியை அப்பரெசீதா மாதாவுக்குக் கொடுத்தேன். ஒரு வருஷத்து இனிப்பைப் புனித யூதாவுக்கு. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை ஆயுசுக்கும். காய்ச்சல் இறங்கவில்லை. மிச்சம் இருந்தது நீதான்.

நச்சரிக்கிறேன் என்று நினைக்காதே. நேர்ச்சையைச் செலுத்தாமல் செத்துப்போகிறவர்களின் ஆத்துமா அலையும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயம்தான் எனக்கு.

துர்வலீனா

*

ரியோ,
15 மே 1983

கிழவி,

உட்கார்ந்துகொண்டு படி. பேஞ்ஞாவுக்குப் போனேன்.

கூட்டம் சர்க்கரைமலைக்குக் கிளம்பியது. திபூர்சியு அவர்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். "போய்த் தொலைடா. உம் பொண்டாட்டி மொகத்துல இனி முழிக்க என்னால முடியாது. பிஸ்கட் வேற தின்னுட்டேன்" என்றான்.

பாறையைக் குடைந்து வெட்டிய படி. முதல் ஐம்பது விளையாட்டாகத்தான் இருந்தது. நூறில் கால்சட்டை கிழிந்தது. எழுபது வயது அம்மா ஒருத்தி முழங்காலாலேயே என்னை முந்திக்கொண்டு போனாள். "மெதுவா வா மகனே, மாதா எங்கயும் ஓடிட மாட்டா" என்றாள். "அவ ஓட மாட்டாம்மா, என் பஸ்காரங்க ஓடிருவாங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. எனக்குச் சிரிக்காமலே வாங்கியது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஆனது. கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். இருட்டு விலகியதும் திரும்பிப் பார்த்தேன். ஊர் முழுக்கக் கீழே கிடந்தது, துர்வலீனா. கூரைகள், ரயில், விரிகுடாவில் குட்டிக் குட்டியாகக் கப்பல். பதினோரு வருஷமாக ஊரெல்லாம் சுற்றி, அன்றைக்குத்தான் ஒரு இடத்தைப் பார்த்தேன். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நடந்து இறங்கினேன்.

நீ கேட்பாய் என்று எண்ணிக்கொண்டேதான் ஏறினேன். முடிந்தது 212, மீதி 170. அடுத்த தடவை முதல் படியிலிருந்து ஏற வேண்டுமா, விட்ட இடத்திலிருந்து ஏறினால் போதுமா? சாமியாரைக் கேட்டு எழுது. இக்வசு விடுதி முகவரிக்குப் போடு. இருபத்து நான்காம் தேதி அங்கே இருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறும்போது கோபம் வரவில்லை.

ஒசோரியோ

*

குர்வேலு,
20 மே 1983

என் கண்ணான கிழவனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில் அழுதேன். இரண்டாம் தடவை, நெஞ்சைப் பற்றி நீ எழுதிய வரியில் நின்றுவிட்டேன். மூன்றாம் தடவையும் அங்கேயேதான் நின்றேன்.

நம் பக்கத்தில் மண்சுவர் வீட்டில் பிறந்தவர்களின் நெஞ்சு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? சுவர்ப்பொந்துப் பூச்சி கடித்துக் கடித்து, வெளியே தெரியாமலே வீங்கிப்போன நெஞ்சு. உன் அப்பா ஏர் பிடித்துக்கொண்டே விழுந்தார். உன் சித்தப்பா காப்பிக் கோப்பையோடு. இக்வசுவில் இறங்கியதும் முதல் வேலையாக டாக்டரைப் பார்.

இனி நீ ஏற வேண்டாம். சாமியாரைக் கேட்கவும் வேண்டாம். உன் முழங்காலை உனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவளும் ஒரு அம்மாதானே.

வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வா.

துர்வலீனா

*

ரியோ,
2 அக்டோபர் 1983

கிழவனுக்கு,

இதை எந்த முகவரிக்குப் போடுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் தெரியவில்லை.

திபூர்சியு வந்து சொன்னான். அருவியில் நனைந்து திரும்பிய கூட்டம் பஸ்ஸைச் சுற்றி நின்றதாம். நீ முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தாயாம். "பாவம், ராவெல்லாம் ஓட்டுன மனுசன், தூங்கட்டும்" என்று கால்மணி நேரம் யாரும் எழுப்பவில்லையாம். நல்ல சனங்கள். என் கடைசிக் கடிதம் பிரிக்கப்படாமல் உன் பையோடு திரும்பி வந்தது. உன் முழங்காலைத் திருப்பித் தந்த கடிதம். அதை நீ படிக்கவே இல்லை.

படி ஏறியிருக்காவிட்டாலும் இந்த நெஞ்சு அதிக நாள் தாங்கியிருக்காது என்கிறார் டாக்டர். எனக்காகச் சொல்கிறாரோ என்று இருக்கிறது.

தண்டனையா என்று கேட்டாயே. இல்லை என்று எழுதினேன். அது பொய். அந்த வராந்தாவில் நான் தனியாக நின்றேன். எல்லோருடைய புருஷனும் அங்கே இருந்தான். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தோடுதான் உன் பெயரை மாதாவிடம் சொன்னேன். பயத்தாலும்தான், ஆனால் பயத்தால் மட்டும் இல்லை. நீ கோபமில்லாமல் ஏறினாய். என்னை மன்னித்துவிடு.

நீ கேட்கச் சொன்னதைச் சாமியாரிடம் கேட்டேன். "மாதா என்ன, படியை எண்ணிக்கிட்டா உக்காந்திருக்கா? ஒரு ஜெபமாலை சொல்லு, போதும் மகளே" என்றார். "அவ எண்ணாட்டி என்ன சாமி, நான் எண்ணுறேனே" என்றேன்.

இன்று பேஞ்ஞா திருவிழாவின் முதல் ஞாயிறு. லெனீசியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். முதல் இருநூற்றுப் பன்னிரண்டு படியையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் ஏறினேன். அவை நீ ஏறியவை. அவற்றின்மேல் என் முழங்கால் பட்டால் உன்னுடையதை நான் எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அங்கே உட்கார்ந்து, நீ பார்த்ததைப் பார்த்தோம். லெனீசி கப்பல்களை எண்ணினாள். பிறகு ஜெபமாலையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு மீதி நூற்று எழுபதையும் உன் பெயரைச் சொல்லி முழங்காலால் ஏறி முடித்தேன்.

இறங்கி வந்ததும், அடிவாரத்தில் இளநீர் விற்கிற பெண் என் முழங்காலில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். "என்ன வரம் கெடச்சுது அக்கா?" என்று கேட்டாள்.

"இந்தா நிக்கிறாளே, இவதான்."

"வீட்டுக்காரரு வரலியா?"

"வந்தாரு. பாதிக்கு மேல அவருதான் ஏறுனாரு. மிச்சத்த எங்கிட்ட விட்டுட்டு முன்னாடி போயிட்டாரு."

"ஆம்பளைங்களே இப்படித்தான்க்கா" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான். நிறுத்த முடியாமல் அப்படிச் சிரித்தேன்.

லெனீசி சிரிக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கண்ணைத் துடைத்தாள்.

உன் கிழவி,
துர்வலீனா