கவர்னர் பயந்தாரா, அண்ணே?

என் பிரியமான அண்ணனுக்கு,

நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. உங்கள் வழக்குகளை நான்தான் நடத்துகிறேன். புதிதாக ஒரு வழக்கும் எடுத்தேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் விடவில்லை.

ஜீயபுரம் பக்கம் ஸ்கூல் வேன் வாய்க்காலில் கவிழ்ந்து ஒரு பெண் குழந்தை இறந்துபோனது. டிரைவர் குமரேசன் குடித்திருந்தார் என்று ஊரே சொன்னது. அவருக்காக எந்த வக்கீலும் வரவில்லை. அவர் மனைவி பாலக்கரைக்கு வந்து நம் வாசலில் நின்றாள். காகிதங்களை வாங்கிப் படித்தேன். அவர் ரத்தத்தில் மது இல்லை. பிரேக் சரியில்லை என்று அவர் ஸ்கூல் நிர்வாகத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்தது.

வக்காலத்து போட்ட மறுநாள் போன் வந்தது. "உங்க பொண்ணு எந்த ஸ்கூல்னு தெரியும் மேடம்." மரியாதையான குரல். போலீஸில் புகார் கொடுத்தேன்.

நீங்கள் எழுதி முடிக்காமல் விட்ட புத்தகத்தை எடுத்தேன். நூறு வருஷத்துக்கும் முந்திய உங்கள் அமெரிக்க கவர்னரின் கதை. குடியானவர் மகன். வக்கீல் ஒருவரின் ஆபீசில் எடுபிடி வேலை செய்துகொண்டே சட்டம் படித்தவர். கவர்னரானதும், ஊரே வெறுத்த மூன்று கைதிகளின் வழக்கைப் படித்துப் பார்க்கிறார். சாட்சியம் இல்லை. விடுதலை செய்கிறார். அடுத்த தேர்தலில் தோற்று, பழைய ஆபீசுக்கே வக்கீலாகத் திரும்புகிறார். 'அஞ்சாமல் கையெழுத்திட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்களே?

நேற்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. எழுந்து நின்றேன், குரல் வரவில்லை. "தண்ணி குடிச்சுட்டுப் பேசுங்கம்மா" என்றார் நீதிபதி. குடித்துவிட்டுப் பேசினேன். ஜாமீன் கிடைத்தது.

வெளியே வராந்தாவில் இறந்த குழந்தையின் அம்மா வழியை மறித்தாள். அடிப்பாள் என்று நினைத்து ஃபைலை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

"அவரு குடிச்சிருக்கலையா?"

"இல்லம்மா. பிரேக் புடிக்கல. முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காரு."

"அப்ப நான் யாரைத் திட்டுறதுங்க?"

அந்தக் கடிதத்தை அவளிடம் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். "கேஸ் அடுத்து என்னைக்குங்க? நானும் வரேன்" என்றாள்.

இன்று காலை ஆயிஷாவை நானே ஸ்கூலில் விட்டேன். பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கையும் திரும்பிப் பார்த்தேன். மிரட்டியவன் யாரென்று போலீஸுக்கும் தெரியவில்லை. ஆனால் வழக்கிலிருந்து விலக மாட்டேன் அண்ணே. பயந்துகொண்டாவது அந்த அம்மா வரும் நாளில் நானும் அங்கே நிற்பேன்.

துஆவுடன்,
உங்கள் கூடப் பிறந்தவள்
சபீஹா