கிழக்கே இருக்கும் தண்ணீர்

ஏப்ரல் 14

கிடைத்துவிட்டது! நடுக்கோடைச் சடங்கில் மேற்குத் திசையை அழைக்கப்போவது நான்தான். மேற்கு என்றால் தண்ணீர். டாம்சின் தபால் பையைத் தோளில் மாட்டியபடியே என் கடற்கரை டீக்கடைக்கு வந்து சொன்னாள். சந்தோஷத்தில் இரண்டு ரொட்டிகளைக் கருக்கிவிட்டேன். ஒழுங்காக அழைத்தால் ஆகஸ்ட் அறுவடைச் சடங்கில் இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டி, இயற்கையை வழிபடும் விக்கா வட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் கயிறு கிடையாது.

கீத்திடம் சொன்னேன். "தண்ணியக் கூப்பிடணுமா? குழாயத் திற, வந்துட்டுப் போகுது" என்கிறார். எனக்கென்று வாய்த்த கணவர்!

ஏப்ரல் 20

கடைக்குப் பின்னால் ஒத்திகை. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு தண்ணீர், வடக்கு மண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேற்கே திரும்பிக் கைகளை விரித்தேன். எதிரே கார் நிறுத்தும் இடம், அதற்கப்பால் சூப்பர் மார்க்கெட். முதுகுக்குப் பின்னால் கடல் ஓவென்று இரைகிறது. நான் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், இந்த லோஸ்டாஃப்டிலேயே பிறந்தவள். தினமும் ஷட்டரைத் தூக்கினால் சூரியன் கடலிலிருந்து வருவதைத்தான் பார்க்கிறேன். கூப்பிட வேண்டியவர் பின்னால் நிற்க, நான் காரைப் பார்த்துக் கூப்பிடுவதா?

மே 1

வசந்தச் சடங்கு. டெரிக் எப்போதும்போல் கிழக்கில் நின்று காற்றை அழைத்தார். எரிவாயு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாகக் கிழக்கு அவருடையது. காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது. சாம்பிராணிப் புகை முழுவதும் கடலுக்குப் போயிற்று. அவருடைய அங்கி தலைக்கு மேல் ஏறிவிட்டது. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் கேட்டேன், கடல் இந்தப் பக்கம் இருக்கும்போது தண்ணீரை ஏன் அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுகிறோம் என்று.

"அந்தப் பக்கம் சூப்பர் மார்க்கெட்டு இருக்குல்ல? அங்க மீனு விக்கிறான். அதப் பாத்துக் கூப்பிடு, அம்மணி."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "முறைய மாத்துறவங்களுக்கு நான் தலையாட்ட மாட்டேன்."

மே 9

டாம்சினிடம் தனியாகக் கேட்டேன். என்னைவிடப் பதினேழு வயது சின்னவள், ஆனாலும் வட்டத்தின் தலைவி அவள்தான். இத்தனை வருடம் மேற்கை அழைத்ததும் அவள்தான். அதட்டுவாள் என்று நினைத்தேன். டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் கார்ன்வால்காரி, லோர்னா. எங்க ஊர்ல கடல் மேற்கதான். இங்க வந்தும் மேற்க திரும்புனா எனக்குக் காரெல்லாம் தெரியாது. எங்க ஊர்க் கடல்தான் தெரியும்."

அவள் கடலை நான் எப்படிப் பறிப்பது?

ஜூன் 20

நாளைக்கு. மேற்கு, மேற்கு, மேற்கு.

ஜூன் 22

எழுதியே ஆக வேண்டும்.

நேற்று மாலை, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே மணலில் வட்டம் போட்டோம். என் முறை வந்தது. கிண்ணத்தோடு மேற்கு ஓரத்தில் நின்றேன். எந்தத் திசையை அழைக்கிறோமோ அதைப் பார்த்து எல்லாரும் நிற்பது வழக்கம். அதனால் எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி, என் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். வாயைத் திறந்தேன். பின்னால் அலை. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல — ஒடம்பு தானாத் திரும்பிருச்சு. அதுவும் இடப்பக்கமாக! வட்டத்துக்குள் சூரியன் போகிற வழியில், வலமாகத்தான் திரும்ப வேண்டும். இடமாகத் திரும்பினால் கட்டியதை அவிழ்க்கிறோம் என்று அர்த்தம். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்.

டெரிக்கின் கண் விரிந்தது. நான் நிறுத்தவில்லை. கடலைப் பார்த்து, கடையில் ஆட்களைக் கூப்பிடுகிற அதே குரலில், "வா!" என்று கத்தினேன்.

வந்தது. கடல் அதிகமாக ஏறுகிற நாள் அது. கடற்கரையில் கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா? பரபரப்பில் மறந்தே போனேன். கடலைப் பார்த்து நின்றது நான் ஒருத்திதான். "ஓடுங்க!" என்பதற்குள் அலை எல்லாரையும் முழங்காலுக்குப் பின்னால் தட்டியது. கிழக்கு விளக்கு அணைந்தது. டெரிக்கின் ஒரு செருப்பு மிதந்து போனது.

"இது கடலு ஏறுற நேரம்! வேற ஒண்ணுமில்ல!" என்று கத்தினார்.

டாம்சின் ஈர மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தன வருசமாக் கூப்பிடுறேன். எனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்ல."

ஜூலை 3

டெரிக் கண்ணில் படவே இல்லை. கயிறு போச்சு. கீத் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 17

டெரிக் வந்தார்! டீயை வாங்கிக்கொண்டு கடைக்கு மேற்கே போய், விரலை எச்சில்படுத்தித் தூக்கிப் பிடித்தார். டீ ஆறும்வரை அப்படியே நின்றார்.

"காத்து இங்கிட்டிருந்துதான் வருது. இருவது வருசமா அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டா கூப்பிட்டிருக்கேன்?"

"உங்க கிழக்க நான் கேக்கல, டெரிக்."

"நீ கேக்கல. நான் குடுக்குறேன். காத்தக் கூப்பிட நான் மேற்க போயிக்கிறேன். இன்னொரு தடவ இடப்பக்கமாத் திரும்புனே, பாத்துக்க."

போகும்போது தலையாட்டினார். ஆமாம், தலையாட்டினார்! நான் மேஜையைத் தாண்டிக் குதிக்காத குறை.

ஆகஸ்ட் 2

நேற்று அறுவடைச் சடங்கு. மேற்கிலிருந்து டெரிக்கின் சாம்பிராணி முதன்முறையாக எங்கள் மேல் வந்தது. இருமித் தள்ளினோம். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

கிழக்கில் நான். கடலைப் பார்த்து அழைத்தேன், பாதுகாப்பான தூரத்திலிருந்து. எல்லாரும் கடல் பக்கம் திரும்பினார்கள். டாம்சினும் திரும்பினாள். ஆனால் அதற்கு முன் அவள் கண் ஒரு தடவை மேற்கே போய் வந்தது.

அப்படி ஆகும் என்று தெரிந்துதான் பையில் இன்னொரு கிண்ணம் கொண்டுபோயிருந்தேன். வலமாகவே சுற்றிப் போய், தண்ணீர் ஊற்றி, மேற்கே டெரிக்கின் காலடியில் வைத்தேன். கார்ன்வால் கடலுக்கு.

"ரெண்டு தண்ணியா? எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று முணுமுணுத்தபடி காலை நகர்த்தி இடம் விட்டார்.

கயிறு கட்டியது டாம்சின்தான். கண் நிறைந்திருந்ததால் அவளுக்கு முடிச்சு சரியாகப் போட வரவில்லை. இன்று காலை ஷட்டரைத் தூக்கியபோது அந்தக் கோணல் முடிச்சு என் இடுப்பில் அப்படியே இருந்தது.