கதவுள்ள ஒரே அறை

மார்ச் 3
புது மாவட்ட அலுவலகத்துக்குக் குடிவந்தாயிற்று. கண்ணாடியாலான ராட்சசக் கெண்டி. ஜாவாவில் வேறெந்த ஊருக்கும் இப்படியொரு தலைவிதி இல்லை. வெளிப்படையான நிர்வாகமாம், அதனால் உள்ளே சுவரே எழுப்பவில்லை. பெண்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு, அதாவது எனக்கு, கெண்டியின் மூக்கு. நான் தும்மினால் தெருவில் நூடுல்ஸ் விற்பவன் நிமிர்ந்து பார்க்கிறான்.

மார்ச் 6
வெந்துகொண்டிருக்கிறேன். இதை வரைந்தவனை ஒரு நாள் இங்கே உட்காரவைக்க வேண்டும்.

மார்ச் 11
லஸ்த்ரி என்றொரு பெண் வந்தாள். தேயிலை ஆலையில் வேலை. இந்த வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு. என்ன நடந்தது என்றேன். வாயைத் திறந்தவள் வெளியே பார்த்தாள். எதிர்ச்சாரியில் மோட்டார் சைக்கிள்மேல் அவள் புருஷன், எங்களையே பார்த்தபடி.

"ஒண்ணுமில்ல இபு. அடையாள அட்டை எங்க குடுப்பாங்கன்னு கேக்க வந்தேன்."

இபு, அதாவது அம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் என்ன செய்திருக்க முடியும்?

மார்ச் 12
வீட்டிலிருந்து இரண்டு பாத்திக் துணி கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டினேன். மேலாளர் ஹர்யோனோ ஐயா, எங்கள் வாயில் பாக் ஹர்யோனோ, வந்து பிய்த்தார்.

"துணி காயப்போடுற இடமா இபு இது? அமைச்சர் வர்றாரு."

"அவரு அடி வாங்கிட்டு வரலையே, பாக்."

சிரிக்கவில்லை. கட்டடத்தைச் சொன்னால் அவரைப் பெற்றவளைச் சொன்ன மாதிரி.

மார்ச் 18
லஸ்த்ரி மறுபடி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. வெளியே அதே வண்டி, அதே ஆள். "கழிப்பறை எங்க இபு?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது — இந்தக் கெண்டியில் கதவு இருப்பது அங்கே மட்டும்தான். கூடவே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, அவள் சொல்லச்சொல்ல முழங்காலில் வைத்து எழுதினேன். பக்கத்துப் படி நிலத்தடி வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து காவல் வண்டியில் காப்பகத்துக்கு அனுப்பினோம். அவன் சாயங்காலம்வரை என் காலி நாற்காலியை முறைத்துக்கொண்டிருந்தான். நன்றாக முறைக்கட்டும்.

மார்ச் 19
பாக் ஹர்யோனோ: "அரசாங்க வேலைய கக்கூஸ்லயா பாப்பீங்க?"

மார்ச் 27
அமைச்சர் வந்தார். என் மேசையைக் காட்டி, "இங்க ஒளிவுமறைவே கிடையாதுங்க" என்றார் ஹர்யோனோ. கைதட்டினார்கள்.

ஏப்ரல் 9
மதியம் பாக் ஹர்யோனோ என் மேசைக்கு வந்தார். பின்னால் அவர் மகள். போன வருஷம்தான் அவள் கல்யாணத்தில் சாப்பிட்டேன். முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"இபு... அந்த ரூம் காலியா இருக்கா?"

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு அவளோடு கழிப்பறைக்குப் போனேன்.

உள்ளே வெகு நேரம் ஆயிற்று. குழாய்ச் சத்தத்தையும் மீறி வெளியே அவர் குரல் கேட்டது, வருகிற பெண்களிடமெல்லாம் ஒரே பொய்யை:

"உள்ள ரிப்பேர்ம்மா. அப்புறம் வாங்க."