ஊதி ஊட்டிய கஞ்சி

என் கண்ணான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நேற்று மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். நம் ஜோகுபாளையத்து வீட்டு வாசலில் ஈரத் தலையோடு நின்று, "ஏண்டி, சாப்பிட்டியா?" என்று கேட்டாய். முடியெல்லாம் திரும்ப வளர்ந்திருந்தது. பதில் சொல்வதற்குள் விழித்துவிட்டேன். இன்னும் முழுசாக விழிக்கவில்லை போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நீ கிடந்த அந்த வார்டும் இப்படித்தான் கனவு மாதிரி இருந்தது, இல்லையா? புற்றுநோய் மருந்து உன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் செய்துவிட்டது. சுடச்சுடச் சமைத்தது மட்டும்தான், தயிர் கூடாது, வெட்டிய பழம் கூடாது என்று நர்ஸ் சொன்னதை நான் சர்ச் மறைக்கல்விப் பாடம்போல மனப்பாடம் செய்தேன்.

அப்போதுதான் கோலாரிலிருந்து ரயிலேறி, உனக்குப் பிடிக்குமே என்று மாதுளை போட்ட தயிர்சாதத்தோடு சின்னம்மா வந்தார். வார்டு வாசலிலேயே மறித்தேன்.

"தயிர் ஆகாதாம் சின்னம்மா. எடுத்துட்டுப் போயிடுங்க."

"அந்தக் காலத்துல சாதி பாத்து ஊர்க்காரன் நம்ம கைத்தண்ணி வாங்க மாட்டான். இப்ப எங்கக்கா பெத்த பொண்ணே வாங்க மாட்டேங்குறா" என்றார். டப்பாவைத் திறக்காமலே திரும்பிப் போனார்.

எனக்கென்ன பெருமை, உன்னைக் காப்பாற்றிவிட்டதாக! அன்று சாயங்காலமும் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊதி ஊதித்தான் ஊட்டினேன், அம்மா நமக்கு ஊட்டியதுபோல. ஆவிக்குப் பின்னால் உன் முகம் அரைத்தூக்கத்தில் சிரித்தது. நர்ஸ் பார்த்துவிட்டார்.

"ஊதாதீங்கம்மா. நம்ம வாயில இருக்குறது அவங்களுக்கு ஆகாது. தட்டுல ஊத்தி ஆற வைங்க."

எத்தனை நாளாக ஊதிக்கொண்டிருந்தேன்! எனக்கு அப்போது இருமல் வேறு. இரண்டு நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எதனால் என்று சொல்ல முடியாது, உடம்புக்குள் இருந்த கிருமியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். நீ போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்த அன்றே வீட்டில் பேச்சு கிளம்பியது, அக்கா. சின்னம்மாவின் தயிர்சாதம்தான் காரணமாம். ஒரு பருக்கைகூட உன் வாய்க்குள் போகவில்லை என்று அவரைத் தவிர தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயே திறக்கவில்லை. அப்படியானால் வேறென்ன கொடுத்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஐந்து வருஷமாக நம் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் சின்னம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை. அவரும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? சொல்லியும் யாரும் நம்பவில்லையோ?

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுப் பூசை. சொந்தமெல்லாம் வருகிறது. சனிக்கிழமை காலை நானே ரயிலேறிப் போய், காலில் விழுந்தாவது சின்னம்மாவை அழைத்து வருவேன். பூசை முடிந்து எல்லோரும் பந்தியில் உட்காரும்போது, வாசலில் மறித்ததையும் நான் கஞ்சி ஊட்டிய விதத்தையும் மறைக்காமல் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அதற்கப்புறம் என்னை யாரும் கூப்பிடாவிட்டால் போகட்டும், அக்கா. சின்னம்மாவைக் கூப்பிடட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
மேரி